விளங்காச் சொற்களும் எமது கடனும்

2023ஆம் ஆண்டு யூன் மாதக் கடைசியில் இலங்கையின் வங்கிகள் தொடர்ந்து ஐந்து நாட்கள் மூடிக்கிடந்தன. ஹஜ்ஜுப் பெருநாளும், வார இறுதியும், பூரணை தினமும் நாட்காட்டியின்படி வந்தவை. இடையில் எஞ்சிய ஒரு வெள்ளிக்கிழமையை அரசாங்கம் விசேட வங்கி விடுமுறையாக்கி இடைவெளியை அடைத்தது. அந்நாட்களிலே பத்திரிகைகளிலும் வானொலியிலும் ஓயாது ஒலித்தவை மூன்று ஆங்கில எழுத்துக்கள்: டி.டி.ஓ. யூன் 28ஆம் திகதி அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. யூலை 1ஆம் திகதி, சனிக்கிழமையன்று, பாராளுமன்றம் கூடி 122 வாக்குகளால் அதனை ஏற்றது. எதிர்த்து விழுந்த வாக்குகள் 62. நான்கு நாட்களுக்குள் காரியம் முடிந்தது. ஊழியர் சேமலாப நிதியத்தில், அதாவது மக்கள் ஈ.பி.எப். என்று அழைக்கும் நிதியிலே, இந்நாட்டின் இலட்சக்கணக்கான உழைப்பாளர் தம் முதுமைக்கென்று சேர்த்த பணம் இனி எவ்வளவு வேகமாக வளரும் என்பதை மாற்றியமைத்த தீர்மானம் அது. ஆயின், அந்த உழைப்பாளருள் எத்தனை பேருக்கு அம்மூன்று எழுத்துக்களின் பொருள் தெரிந்திருந்தது?

இதனை நாம் பொருளாதாரக் கேள்வியாக எழுப்பவில்லை. பொருளியல் அறிஞர் அதுபற்றிப் பேசிவிட்டனர், இனியும் பேசுவர். நாம் எழுப்ப விரும்புவது ஓர் அறக்கேள்வி. ஒருவருடைய வாழ்வைத் தொடும் தீர்மானம் அவருக்கு விளங்காத சொற்களால் அறிவிக்கப்படுமாயின், அஃது அவருக்கு அறிவிக்கப்பட்டதாகுமா? கேட்டும் விளங்காதவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா? விளங்கிக்கொண்ட சிலர் விளங்காத பலருக்கு எடுத்துரைப்பது அவர்தம் பெருந்தன்மையா, அன்றி அவர் இறுக்கவேண்டிய கடனா? கடன் என்னும் சொல்லுக்குத் தமிழிலே பெற்ற பணம் என்றும், செய்தே தீரவேண்டிய கடமை என்றும் இரு பொருள் உண்டு. இக்கட்டுரையில் இரண்டும் வருகின்றன.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிடுதல் நன்று. கலைச்சொல் என்பது படித்தோர் உடைமை, அதன் பாரத்தைப் பாமர மக்கள் தாங்கார் என்று கருதுவோர் எம்மிடையே நிறைய உளர். இவ்வாறு கருதுவோர் வடபகுதிக் கடற்கரைக்கு ஒருமுறை சென்று வரலாம். அங்குள்ள கடற்றொழிலாளி சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று திசையும் பருவமும் கொண்டு காற்றுக்களைப் பெயரிட்டுப் பிரித்தறிகின்றார். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் படகைச் செலுத்துவது, எந்தக் காற்றில் கரையிலேயே இருப்பது என்பதெல்லாம் அவருக்கு அச்சொற்களுக்குள் அடங்கியிருக்கின்றன. பட்டம் பெற்ற எம்மிற் பலர் அந்நான்கையும் பிழையின்றி வரிசைப்படுத்த மாட்டோம். மலையகத் தோட்டங்களை எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். அங்கே ‘பேர்’ என்பது ஆளின் பெயரைக் குறிப்பதோடு ஒரு நாளுக்குரிய முழுச் சம்பளத்தையும் குறிக்கும். கொழுந்தின் நிறை குறித்த அளவுக்குக் குறைந்தால் ‘அரைப் பேர்’. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாத மூதாட்டியும் அரைப் பேருக்கும் முழுப் பேருக்கும் இடையிலுள்ள கணக்கை இமைப்பொழுதிற் சொல்லிவிடுவார். கலைச்சொல் அவருக்குக் கடினமாக இல்லை. அச்சொல் எதைச் செய்கின்றது, யார் கையிலிருந்து எதை எடுக்கின்றது, எதைக் கொடுக்கின்றது என்று அவர் நாள்தோறும் கண்டுவருகின்றார்.

ஆகவே, மக்களுக்கு எளிய சொல்தான் வேண்டும் என்பதும் முழு உண்மையாகாது. எளிய சொல்லாலும் இருளைப் பரப்பலாம். தோட்ட வரலாற்றிலேயே இதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் மூலம் கொண்டுவரப்பட்ட தொழிலாளி, வழிச்செலவும் முன்பணமும் தன் பெயரிற் கடனாய் நிற்கத் தோட்டத்திற் கால்வைத்தான். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குச் செல்வதாயின், இவ்வளவு கடனைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி வேண்டும். அக்கடதாசிக்குப் பெயர் துண்டு. தமிழில் இதைவிட எளிய சொல் இருக்க முடியாது, குழந்தைக்கும் விளங்கும். ஆயின், அத்துண்டில் தொகையை எழுதியவர் துரை, எடுத்துச் சென்றவர் கங்காணி, அதைத் தலையிற் சுமந்தவரோ பெரும்பாலும் வாசிக்க அறியாதவர். 1921ஆம் ஆண்டிலேதான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சொல் விளங்கியது, கணக்கு விளங்கவில்லை. விளங்காமையிலேதான் அம்முறையின் உயிர் இருந்தது.

இனி, தமிழாக்கினாற் போதும் என்று நம்புவோரிடம் வருவோம். தமிழ் கற்றவர் என்ற முறையில் எமக்கு இந்நம்பிக்கை இனிமையானது. அதனாலேயே அதை ஐயத்தோடு நோக்கவேண்டியவராகின்றோம். மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிசனரியான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தவர். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று துணிந்து அதைச் செய்தும் காட்டினார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போய்விடுவர், தமிழிற் கற்றவர்கள் கிராமங்களிலே தங்கி மக்களுக்கு வைத்தியம் செய்வர் என்பது அவர் கணிப்பு. அவரும் அவருடைய மாணவரும் தமிழுக்குத் தந்த நூல்கள் பல. இரசாயன நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்ட அதே மனிதருடைய மற்றொரு நூலின் பெயர் ‘அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்’. இப்பெயரை இன்று ஒரு மருத்துவ மாணவரிடம் சொன்னால் அவர் திகைப்பார். அக்காலத்து உழவரிடம் சொல்லியிருந்தாலும் அவர் திகைத்தேயிருப்பார். ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது. விளக்கம் தானாக வந்துவிடவில்லை. கிறீனுடைய பெருமை அந்த நீண்ட பெயரில் இல்லை. நோயாளியை அருகில் வைத்து, உறுப்பைக் காட்டி, சொல்லையும் பொருளையும் ஒருங்கே மாணவர் கையில் ஒப்படைத்த அந்தப் போதனையிலேதான் அது இருக்கின்றது.

கிறீன் காலத்துப் பிரச்சினை இன்று தீர்ந்துவிட்டதென்று எண்ணுவோர் மத்திய வங்கியின் தமிழ் அறிக்கையொன்றைப் புரட்டிப் பார்ப்பாராக. ‘படுகடன்’, ‘திறைசேரி உண்டியல்’, ‘திறைசேரி முறி’, ‘சிறப்பு எடுப்பனவு உரிமை’ என்று சொற்கள் அணிவகுத்து நிற்கும். மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. சிலர் உண்மையிலேயே நுணுக்கமாய்ச் செய்திருக்கின்றனர். ‘முறி’ பத்திரம் என்ற பொருளில் நல்ல பழந்தமிழ்ச் சொல். ஆயின், இன்று அதைக் கேட்பவருக்கு முறிதல்தான் நினைவுக்கு வரும். ‘உண்டியல்’ என்றவுடன் கோயில் வாசலிலுள்ள பெட்டியோ, வெளிநாட்டிலிருந்து உறவினர் வங்கியைத் தவிர்த்துப் பணம் அனுப்பும் வழியோ மனத்தில் தோன்றும். அரசாங்கம் ஓராண்டுக்குள் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் குறுங்காலக் கடன்சீட்டு தோன்றாது. ‘சிறப்பு எடுப்பனவு உரிமை’ என்பதில் மூன்று சொற்களும் தமிழ். மூன்றும் சேர்ந்து தமிழருக்கு எதையும் சொல்வதில்லை. டொலர், யூரோ, யுவான், யென், பவுண் ஆகிய ஐந்து நாணயங்களின் பெறுமதியைக் கலந்து சர்வதேச நாணய நிதியம் தன் கணக்குக்காக வைத்திருக்கும் அளவுகோல் அது என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், வாசகர் மேலே நடந்திருப்பார். கடன் கொடுத்தவர் தம் முதலில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பதை ஆங்கிலத்தில் முடிவெட்டு என்ற பொருள்படச் சொல்வர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நாம் மத்திய வங்கியை விட்டுச் சலூனுக்குப் போய்ச் சேர்வோம்.

அவ்வாறாயின் விளக்கம் என்பது எது? இலக்கணம் கூறுவதைவிடச் செய்து பார்ப்பதே தக்கது. டி.டி.ஓ. என்ற அம்மூன்று எழுத்துக்களையே எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் மாதம் 20,000 ரூபா சம்பளம் பெறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம், அதாவது 1,600 ரூபா, அவர் கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படும். அவருடைய முதலாளி நூற்றுக்கு 12 வீதம், 2,400 ரூபா, தன் பங்காகச் செலுத்த வேண்டும். ஆக மாதம் 4,000 ரூபா அவர் பெயரில் ஈ.பி.எப்.இற் சேர்கின்றது. நாடு முழுவதிலும் இவ்வாறு சேர்ந்த பணம் 2022ஆம் ஆண்டு முடிவில் மூன்று ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டியிருந்தது. ட்ரில்லியன் என்பதையும் விளக்க வேண்டும்: அஃது ஓர் இலட்சம் கோடி. இந்தப் பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி. அது மிகப் பெரும்பகுதியை அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்தது. இன்ன ஆண்டில் திருப்பித் தருவேன், அதுவரை இவ்வளவு வட்டி தருவேன் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த சீட்டே திறைசேரி முறி. எனவே, தொழிலாளி அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர். இந்த ஒரு வாக்கியத்தை அவர் தெரிந்துகொண்டாலே அரைவாசி விளங்கிவிடும்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களை மீளச்செலுத்துவதை இடைநிறுத்தியது. 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் 48 மாத காலத்தில் ஏறத்தாழ 300 கோடி டொலர் வழங்க ஒப்புக்கொண்டது. நாட்டின் கடன்சுமை குறைக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாட்டின் அடிப்படை. வெளிநாட்டுக் கடன்காரரோடு உள்நாட்டிற் கடன் கொடுத்தோரும் எதையேனும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வங்கிகளிடமிருந்த முறிகள் விலக்கப்பட்டன. அவை ஏற்கெனவே மிகுந்த வரியையும் அறவிட முடியாக் கடன்களையும் சுமக்கின்றன என்று காரணம் கூறப்பட்டது. ஓய்வுகால நிதிகள் விலக்கப்படவில்லை. அவை தம்மிடமிருந்த பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய முறிகளைப் பெற வேண்டும். புதியவற்றின் வட்டி தொடக்கத்தில் 12 வீதம், பின்னர் 9 வீதம். இதற்கு இணங்காவிட்டால் அந்நிதி தன் முறி வருமானத்துக்குச் செலுத்தும் வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாக உயரும். விருப்பத்தின்பேரிலான பரிமாற்றம் என்றுதான் இதற்குப் பெயர். இணங்குவதா மறுப்பதா என்று தீர்மானித்தது நாணயச் சபை. அச்சபையிலே தொழிலாளர் பிரதிநிதி எவரும் இலர். அன்று அரசாங்கத்தின் கடனை முகாமை செய்து வந்ததும் அதே மத்திய வங்கிதான்.

இவ்வளவே செய்தி. வானொலியிற் பத்து நிமிடம் போதும். இதில் தேயிலைத் தொழிற்சாலையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் ஒருவரின் அறிவுக்கு எட்டாதது எதுவென்று எமக்குத் தெரியவில்லை. சீட்டுப் பிடித்தவருக்கும் நகையை அடகு வைத்தவருக்கும் வட்டி, தவணை, முதிர்வு என்பன புதியன அல்ல.

ஆயினும் அந்தப் பத்து நிமிடத்தை எவரும் செலவிடவில்லை. ஏன் என்று கேட்பதற்குமுன் பெயரையே ஒருமுறை உற்றுநோக்குவோம். வெளிநாட்டாருக்குரிய கடனை மாற்றியமைப்பதற்கு ‘மறுசீரமைப்பு’ என்று பெயர். உள்நாட்டு மக்களுக்குரிய கடனை மாற்றியமைப்பதற்கு ஆங்கிலத்தில் வேறொரு பெயர் சூட்டினர். அது தமிழில் ‘மேம்படுத்தல்’ என்றும் ‘உகப்பாக்கல்’ என்றும் வந்தது. கணிதத்திலே உகப்பு என்பது தரப்பட்ட எல்லைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடுதல். வழக்கிலே உகப்பு என்றால் மகிழ்ச்சி. யாருக்குச் சிறந்தது, யாருக்கு மகிழ்ச்சி என்ற கேள்வி அச்சொல்லிலேயே விழுங்கப்பட்டுவிட்டது. ‘கொடுக்கவேண்டிய வட்டியைக் குறைக்கின்றோம்’ என்ற வாக்கியத்தில் ஒரு செய்பவர் உண்டு, ஒரு செயல் உண்டு, அச்செயலால் இழப்பவர் உண்டு. ‘மேம்படுத்தல்’ என்ற பெயர்ச்சொல்லில் இம்மூவரும் இல்லை. தொழிற்பெயருக்குக் காலமும் இல்லை, எழுவாயும் இல்லை என்று நாம் வகுப்பிலே இலக்கணம் சொல்லிக்கொடுக்கின்றோம்; அரசாங்கங்கள் அவ்விலக்கணத்தை எம்மைவிட நன்கு அறிந்திருக்கின்றன. 2009ஆம் ஆண்டிலே முட்கம்பி வேலிக்குள் இலட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்த முகாம்களுக்கு ‘நலன்புரி’ என்ற சொல் சூட்டப்பட்டிருந்ததை வடபகுதி வாசகர் எவரும் மறந்திரார்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஒரு குறுக்கம் அனைவர் வாயிலும் புழங்கியும் விளங்காமலே இருத்தல். ‘வற்’ என்ற சொல்லைச் சந்தையில் மீன் விற்பவரும் சொல்வார். அதற்குப் பின்னால் வரி என்றும் சேர்த்து ‘வற் வரி’ என்போம். குறுக்கத்துக்குள்ளேயே வரி இருப்பது எவருக்கும் உறைப்பதில்லை. அதன் தமிழ்ப் பெயர் ‘பெறுமதி சேர் வரி’ என்பது கடைச் சீட்டில் மட்டும் வாழ்கின்றது. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 8 வீதமாயிருந்த இவ்வரி, அதே ஆண்டு யூனில் 12ஆகவும் செப்டெம்பரில் 15ஆகவும் ஏறி, 2024 சனவரியில் 18 வீதமாயிற்று. சம்பளத்தின் மீது விதிக்கும் வரி சம்பளம் கூடியவரிடம் கூடிய வீதத்திற் பெறப்படும். வற் அவ்வாறன்று. ஒரு சவர்க்காரக் கட்டியை வாங்கும் கூலித் தொழிலாளியும் அதே சவர்க்காரத்தை வாங்கும் மாளிகைக்காரரும் ஒரே தொகையையே செலுத்துகின்றனர். உழைப்பதையெல்லாம் செலவிட்டுத் தீர்ப்பவரின் வருமானத்தில் அது பெரும் பங்கு. மிச்சம் பிடிப்பவருடையதிற் சிறு பங்கு. பழகிய சொல் ஆகையால் எவரும் கேட்பதில்லை, எவரும் விளக்குவதில்லை. வற் என்ற ஒலி தமிழ்ச் செவிக்கு வற்றுதலை நினைவூட்டுவது தற்செயலே எனினும் பொருத்தமானது.

இவ்விடத்தில், விளக்குவோருக்குள்ள மற்றோர் ஆபத்தையும் கூறவேண்டும். அந்த 2023 யூலை மாதத்தில் எம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “அப்பாவோட ஈ.பி.எப். காசெல்லாம் போயிருச்சா சேர்?” என்று கேட்டாள். அவள் தந்தை ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அக்கேள்விக்கு அந்நாட்களிலே ஊரில் இரண்டு விடைகள் ஆயத்தமாயிருந்தன. ‘எல்லாவற்றையும் கொள்ளையடித்துவிட்டார்கள்’ என்பது ஒன்று. ‘ஒன்றும் நடக்கவில்லை, உங்கள் பணம் பத்திரமாயிருக்கின்றது’ என்பது மற்றொன்று. முதலாவது எம்மவர் மேடைகளிலிருந்து வந்தது, இரண்டாவது அரசாங்கத்திடமிருந்து. இரண்டும் எளியவை, இரண்டும் விளக்கம் அல்ல. முதல் வெட்டப்படவில்லை என்பதே உண்மை. வருங்காலத்திற் கிடைக்கக்கூடியதாயிருந்த வட்டி குறைக்கப்பட்டது, பணம் நீண்ட காலத்துக்குக் கட்டிவைக்கப்பட்டது என்பதும் உண்மை. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு அதற்கு முன்னரே, வேறொரு வாசல் வழியாக நிகழ்ந்துவிட்டது. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைகள் அதற்கு முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 வீதம் உயர்ந்திருந்தன. ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்கு ஏறத்தாழ 1,700 ரூபா வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக்கு ஈ.பி.எப். வரவு வைத்த வட்டி 9 வீதம்; ஆயிரம் ரூபா 1,090 ஆயிற்று. 1,700ஐயும் 1,090ஐயும் கரும்பலகையில் அருகருகே எழுதியபோது அவ்வகுப்பில் எவருக்கும் மேலும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ‘பணவீக்கம்’ என்ற சொல்லை அதன்பின்னரே எழுதினோம்.

கொள்ளை என்று கூவுவது கோபத்தைத் தட்டி எழுப்பலாம். அடுத்த ஆண்டு, 2023க்கான வட்டியாக 13 வீதம் வரவு வைக்கப்பட்டபோது அக்கூற்றைக் கேட்டவர் என்ன நினைத்திருப்பார்? இவர்களும் எம்மை ஏய்த்தவர்களே என்று நினைத்திருப்பார். மக்களுக்காகச் சொல்லப்படும் பொய்யும் மக்களிடமே போய்ச் சேர்கின்றது என்பதை முற்போக்காளர் மனங்கொள்ள வேண்டும். எளிமைக்காக உண்மையின் ஒரு பாதியை வெட்டிவிடுபவர், தெளிவின்மைக்காக முழுவதையும் மறைப்பவரிடமிருந்து வெகுதூரத்தில் இல்லை.

நிபுணர்கள் இதைக் கேட்டு மகிழ்வர். ‘பார்த்தீர்களா, எளிமைப்படுத்தினாற் பிழைபடும், அதனாலேதான் நாம் கலைச்சொற்களை விடுவதில்லை’ என்பர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துச் சொற்களால் ஆவதை ஒரு குறுக்கத்தால் முடிப்பது தொழிலுக்கு வேண்டியதே. சத்திர சிகிச்சை நடக்கும் அறையிலே ஒவ்வொரு கருவியையும் வருணித்துக் கேட்கமுடியுமா? அறைக்குள்ளே குறுக்கம் இருக்கட்டும். ஆனால், அறையின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, காத்திருக்கும் தாயிடம் அதே குறுக்கத்தைக் கூறிவிட்டுப் போகும் வைத்தியர் துல்லியத்தைப் பேணியவர் ஆகார். அவர் தம் வேலையின் ஒரு பகுதியைச் செய்யாமல் விட்டவர்.

அன்றியும், விளக்கம் என்பது கலைச்சொல்லை நீக்கிவிடுவதும் அன்று. இதனை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம், ஏனெனில் நல்லெண்ணமுடைய பலர் இங்கேதான் வழுக்குகின்றனர். கதையாக, உவமையாக, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் மக்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சொல்லை மட்டும் தம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கின்றனர். அலுவலகத்தில் நீட்டப்படும் படிவத்திலும் வர்த்தமானியிலும் இருப்பது அந்தச் சொல்தான். கதையை மட்டும் அறிந்தவர் அதிகாரியின் முன்னால் மீண்டும் ஊமையாகிவிடுவார். ‘திறைசேரி முறி’ என்ற சொல்லையும், அஃது என்ன செய்கின்றது என்பதையும் ஒருங்கே அறிந்தவர், ‘எங்கள் முறியை மாற்ற எங்களைக் கேட்டீர்களா?’ என்று வாய்திறக்க முடியும்.

எம் அணியின் எழுத்தாளர் மீதும் இங்கே ஒரு சொல். ‘இயங்கியற் பொருள்முதல்வாதம்’, ‘மிகைப் பெறுமதி’, ‘அந்நியமாதல்’, ‘தரகு முதலாளித்துவம்’ முதலியவற்றை ஒரே பந்தியில் அடுக்கிவிட்டுப் பாட்டாளி வர்க்கத்துக்காக எழுதினோம் என்று நிறைவடைவோர் உளர். அப்பந்தியைப் பாட்டாளி வாசித்தால் அவர் காண்பது மற்றொரு மத்திய வங்கி அறிக்கையே. மிகைப் பெறுமதியைப் பற்றித் தோட்டத் தொழிலாளியிடம் பேச விரும்புவோர் அரைப் பேரிலிருந்து தொடங்கட்டும். தாம் பறித்த கொழுந்தில் எத்தனை கிலோ தம் நாட்சம்பளத்துக்குச் சரி, அதற்கு மேற்பட்டது எங்கே போகின்றது என்று அவரே கணக்குப் பார்க்கத் தொடங்குவார். அப்பொழுது சொல்லையும் கொடுக்கலாம். அவர் அதைப் பிடித்துக்கொள்வார்.

விளக்குதல் பெருந்தன்மையா கடனா என்று கேட்டோம். இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் நடைமுறையில் இருந்து வருகின்றது. எம் போன்றோர் கிராமப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம்வரை ஒரு சதமும் கட்டணமின்றிக் கற்று வெளிவந்தது அதனாலேயே. அச்செலவைத் தாங்கிய திறைசேரிக்குப் பல பதிற்றாண்டுகளாகத் தேயிலை ஈட்டிக்கொடுத்த வருமானம் எவ்வளவு பெரியது என்பது பொருளியல் மாணவர் அனைவரும் அறிந்ததே. அத்தேயிலையைக் கொய்தவரின் பிள்ளைகளோ தோட்டப் பாடசாலை என்ற பெயரில் ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாக விடப்பட்டிருந்தனர். அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஆகவே, எமக்குச் சொற்களை வாங்கித் தந்தவர்கள் அவர்கள்; அவர்களுக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. இந்தக் கணக்கில் வரவு எங்கே, பற்று எங்கே என்று காண்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. எம்மிடம் இருப்பது இரவல்.

ஆசிரியருக்கு நேரம் ஏது என்பர். உண்மை, பாடவிதானமும் பரீட்சையும் மூச்சுவிட இடந்தருவதில்லை. எனினும் வணிகக் கல்விப் பாடத்தில் வட்டிக் கணக்குச் செய்விக்கும்பொழுது, புத்தகத்திலுள்ள கற்பனை வியாபாரிக்குப் பதிலாக ஒரு தாயின் ஈ.பி.எப். கணக்கை எடுத்துக்கொள்ள மேலதிக நேரம் வேண்டியதில்லை. தமிழ்ப் பாடத்திலே சுருக்கம் எழுதுவதற்கு வர்த்தமானி அறிவித்தலொன்றின் ஒரு பந்தியைக் கொடுத்து, ‘இதை உன் பாட்டிக்கு விளங்குமாறு எழுது’ என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தவர்கள் அறிவர், எவ்வளவு திறமையான மாணவரும் அங்கே தடுமாறுவார். தனக்கே விளங்காத இடம் எதுவென்று அப்பொழுதுதான் அவருக்குத் தெரியவருகின்றது. தொழிற்சங்கங்களின் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களிலே சந்தாக் கணக்கு வாசித்து முடிந்தபின் எஞ்சும் அரைமணி நேரமும் இதற்கு உதவும்.

எங்கே தொடங்குவது என்று கேட்போருக்குக் ‘கே படிவம்’ இருக்கின்றது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலைசெய்த பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் தம் ஈ.பி.எப். பணத்தைப் பெறுவதற்கு நிரப்பவேண்டிய தாள் அது. தேசிய அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், தோட்டப் பதிவேட்டில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால், முப்பது ஆண்டுச் சேமிப்பு அந்த ஓர் எழுத்து வேறுபாட்டில் மாதக்கணக்கிற் சிக்கி நிற்கும். அங்கத்துவ இலக்கம் எது, ‘பீ அட்டை’ எது, மீதிக் கூற்றின் கடைசி வரியிலுள்ள தொகைக்கும் கையில் வந்த தொகைக்கும் ஏன் வேறுபாடு என்பனவற்றைக் கேட்க எவரும் அருகில் இல்லாமல், தொழில் அலுவலகத்து வாங்கிலே காலையிலிருந்து காத்திருப்போர் பலர். ‘கே’ என்ற எழுத்து எதைக் குறிக்கின்றது என்று அவர்களிற் சிலர் எம்மிடம் கேட்டிருக்கின்றனர். அஃது எதையும் குறிக்கவில்லை. வரிசையிலுள்ள ஓர் எழுத்து, அவ்வளவே. அதைச் சொன்னதும் அவர்கள் முகத்திலே தெரிந்த ஆறுதலைக் கண்டபின்னரே, இத்தனை நாளும் அதற்குள் ஏதோ பெரிய பொருள் இருப்பதாக அவர்கள் அஞ்சியிருந்தனர் என்பது எமக்கு விளங்கிற்று.